பெரியவன் பிரிக்க, சின்னவன் எடுக்க

"நாசமாப் போன வண்டி" என்று டிராக்டர் சக்கரத்தில் ஓர் உதை விட்டார் சம்பத். டிராக்டர் கறுப்புக் கறுப்பாகப் புகையைக் கக்கியது. பாகம் பிரிக்க வந்திருந்த நாலு பேரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"இருபத்தாறு வருசத்துக் கிழம். இன்னைக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கினு கிடக்குது. இத எவன் தலையில கட்டறது?" திட்டிக்கொண்டே, டேங்க் மூடியோரம் வழிந்திருந்த டீசலைத் துண்டு நுனியால் சுத்தமாகத் துடைத்தார். பிறகுதான் வண்டியை நிறுத்தினார்.

கணியம்பாடிப் பக்கத்துக் கிராமம். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, ஆம்பூர்த் தோல் கம்பெனியில் வேலை செய்யும் தம்பி ஏகாம்பரம் வந்து பாகம் கேட்டுவிட்டான். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று ஒன்பது வருடம். தம்பி கல்யாணத்துக்கு அண்ணன் போகவில்லை, அண்ணன் மகள் காது குத்துக்குத் தம்பி வரவில்லை.

நிலம் சரிபாதியாகப் பிரிந்துவிட்டது. மிஞ்சியது மோட்டார் போட்ட கிணறும், 1957ல் அப்பா வாங்கிய இந்த டிராக்டரும். பெரியவன் பங்கு பிரித்து வைக்க வேண்டும், சின்னவன் முதலில் எடுக்க வேண்டும். அது ஊர் வழக்கம்.

அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் உழவு ஓட்டி, அந்த வாடகையில்தான் சம்பத் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்த வண்டியே இப்படிப் படுத்துக்கொண்டால் மனுஷன் திட்டாமல் கொஞ்சவா செய்வார்?

ஊர்ப் பெரியவர் முனிரத்தினம் தொண்டையைச் செருமினார். "கிணத்துல தண்ணி வத்துனதே இல்ல. வண்டி லட்சணத்தைக் கண்ணால பாத்துட்ட. உனக்கு எது வேணும் ஏகாம்பரம்?"

ஏகாம்பரம் கிணற்றைப் பார்க்கவில்லை. டிராக்டரையும் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"டிராக்டர்" என்றான்.

சம்பத் சட்டென்று முன்னால் வந்தார். "கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியுமாடா உனக்கு? இத வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"ஓட்டறதுக்கா எடுத்தேன்? வேலூர்ல பழைய இரும்பு வாங்கற சர்தார் பாஷா இருக்காரு. நாளைக்கு வரச் சொல்றேன். சம்மட்டியால உடைச்சி, எடை போட்டு எடுத்துக்கினு போவட்டும்."

"அந்த இரும்பு விலைய நான் குடுத்துடறேன்."

"பத்து மடங்கு ஜாஸ்தி குடுத்தாலும் உனக்குக் கிடையாது. அப்பா இழுத்துக்கினு கிடந்தாரே நாலு நாளு, எனக்கு ஒரு தந்தி அடிச்சியா நீ? செத்தப்புறம் ஆள் அனுப்பினவன்தான?"

சம்பத் பெரியவரைப் பார்த்தார். அவர் கையை விரித்தார். "பிரிச்சது நீ. எடுத்தது அவன். முடிஞ்சி போச்சி சம்பத்து."

சம்மட்டி என்ற சொல் சம்பத்தின் காதை விட்டுப் போகவில்லை. மானம் போனால் போகட்டும் என்று டிராக்டரிடம் ஓடினார். இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயில் கையை விட்டு, உள்ளே சுருட்டி அடைத்திருந்த கோணித் துண்டை உருவித் தரையில் போட்டார். வண்டியைக் கிளப்பினார்.

இன்ஜின் பிசிறில்லாமல் ஓடியது. பொட்டுப் புகை இல்லை.

"நல்லா பாருடா. காலையில நான்தான் அடைச்சி வச்சேன். இன்ஜினுக்கு ஒண்ணுமே இல்ல. நூறு மணி நேரத்துக்கு ஒருவாட்டி ஆயில் மாத்தியிருக்கேன். டீசலைத் துணியில வடிகட்டித்தான் ஊத்தியிருக்கேன். இருபத்தாறு வருசத்துல ஒரே ஒருவாட்டிதான் பிரிச்சி வேலை பாத்தது. இன்னும் இருபது வருசம் ஓடும்டா. உடைச்சிடாத."

முனிரத்தினம் எழுந்து, காறித் துப்பிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மற்ற மூன்று பேரும் சம்பத்தின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் பின்னால் நடந்தார்கள்.

சம்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி கையைப் பிடித்துக்கொண்டார். "அவ்வளவு புகையப் பாத்துமா இத எடுத்த? புத்தி உள்ளவன் எவனாவது இதக் கேப்பானாடா?"

ஏகாம்பரம் நிதானமாகக் கையை விடுவித்துக்கொண்டான்.

"புகை வராம இருந்திருந்தா, நான் கிணத்தைத்தான் எடுத்திருப்பேண்ணா."