கிராணியாரின் மலாய்ப் பாடம்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்னும் விடுதலை வந்த இரண்டாவது வருஷம், ஆபீஸ் குமாஸ்தாக்களை மேய்க்கும் தலைமைக் கிராணி கலியாணசுந்தரத்துக்குக் கிலி பிடித்தது. வருஷக் கடைசிக்குள் குடியுரிமை வாங்காவிட்டால் அவருடைய நாற்காலி போய்விடும். அதற்கு அதிகாரி முன்னால் மலாய் பேசிக் காட்ட வேண்டும். இருபது வருஷ மலாக்கா வாழ்க்கையில் அவர் கற்ற மலாய், ஆட்களை விரட்டுவதற்கு மட்டுமே உதவும்.

"உங்க ஆபீஸ் பியூன் அப்புகிட்ட கேட்டுக்கிட்டா என்னங்க?" என்றாள் மனைவி சந்திரமதி.

"பியூன்கிட்ட நான் பாடம் கேக்கறதா? ஊர் சிரிக்கும்டி! நம்ம வாத்தியாரம்மா இருக்கறப்ப எனக்கென்ன பயம்? வீட்டுப் பேச்சே மலாயா இருக்கற காஜா பெராங் செட்டி வீடுகள்லயே பழகி, மலாயைத் தண்ணியாப் பேசுறாங்க. நம்ம மானமும் வெளியே போகாது."

சந்திரமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

வாத்தியாரம்மா கண்டிப்பானவர். கிராணியாரைத் தரையில் உட்காரவைத்து, உச்சரிப்பு தவறினால் காதைத் திருகுவார். சில நாள் பாதிப் பாடத்தில் எழுந்து போய்விடுவார். மூன்று மாதம் கிராணியார் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

நேர்காணலுக்குக் கோட்டும் டையுமாகப் போனவர், கேட்ட கேள்விக்கெல்லாம் தயங்காமல் மலாயில் பதில் சொன்னார். மலாய்க்கார அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, இரக்கத்தோடு ஆங்கிலத்துக்கு மாறினார்.

"உங்களுக்கு மலாய் கற்றுக்கொடுத்தது யார்?"

"வீட்டிலேயே ஒரு வாத்தியாரம்மா, சார்."

"என்ன வயசு?"

கலியாணசுந்தரம் மேஜையைப் பார்த்தார்.

"வர்ற ஜனவரியில நாலு முடியுது, சார். என் மகள்."

அதிகாரி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவள் இங்கே பிறந்தவள், குடிமகள். நீங்கள் அடுத்த வருஷம் வாருங்கள். அதற்குள் அவளுக்கு மழலை மாறியிருக்கும்."