சோடா பெரியப்பா

ஆம்புலன்ஸ் பரீட்சையில் இயந்திர நோயாளியைக் காப்பாற்றுவது பச்சைக் குழந்தைகூடச் செய்யும் வேலை. கூட வரும் இயந்திர உறவுக்காரர்களைச் சமாளிப்பதுதான் பாடு. வலிப்பு என்றால் போதும், சாவிக்கொத்தோடு மூன்று மாவட்டத்துச் சொந்தமும், வாயில் ஊற்றச் சோடாவோடு ஒரு பெரியப்பாவும் வந்துவிடுவார்கள். மங்கையர்க்கரசி இரண்டு முறை தோற்றவள்; இன்றும் தோற்றால் வேலை கிடையாது.

இன்றைய நோயாளிக்கும் வலிப்புதான். பெரியப்பா சோடாவோடு பாய்ந்து வந்தார்.

“பெரியப்பா, உங்க மூஞ்சியே சரியில்லையே. மொதல்ல நீங்க குடிங்க.”

“அப்படியாம்மா தெரியுது?” என்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார, மொத்தக் கூட்டமும் சாவிக்கொத்தோடு அவர்மேல் விழுந்தது. மங்கை நிம்மதியாக நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.

வலிப்பு நின்றது. “நீ பாஸும்மா,” என்றது நோயாளி பொம்மை. “ஆமா, பெரியப்பாவுக்கு என்னவாம்?” என்று எழுந்து, அதுவும் கூட்டத்துக்குள் புகுந்துகொண்டது.