மழைத்தாளும் சோலார் அக்காவும்

ஓடைக்கரைக் கம்பத்தில் ஒரு சோலார் தகடு இருந்தது. அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தாளைப் புதிதாக ஒட்டியிருந்தார்கள். தகடு வெயிலில் கரண்ட் எடுக்கும். தாள், மழைத்துளி விழுந்தால் எடுக்கும். வெள்ளம் வந்தால் ஊதுவதற்குக் கீழே ஒரு மின்சாரச் சங்கு.

"சொட்டுத் தண்ணியில என்னத்தடி சமைப்ப?" என்று தகடு கேலி பண்ணும்.

ஒருநாள் பகலே இருட்டி மழை கொட்டியது. ஓடை பொங்கி வந்தது. அது தெரியாமல் ஒரு ஆடு, குட்டியோடு தண்ணீரில் இறங்கப் போனது.

"ஊதுடா சங்கு!" என்று தகடு தன்னிடம் இருந்த கொஞ்சத்தைக் கொடுத்தது. சங்கு முனகியது. பிறகு தாள் கொடுத்தது. அதற்கும் முனகல்தான்.

"அக்கா, தனித்தனியா ஊட்டினா அதுக்கு வயிறு நிறையல. ஒண்ணா ஊட்டிப் பாப்போமா?"

"வாடி, சீக்கிரம்!"

சங்கு காடு அதிர ஊதியது. ஆடு குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. அவை நின்ற இடத்தை வெள்ளம் வாரிக்கொண்டு போனது.

"நிறுத்தாத ராசா!" என்று மூச்சிரைக்கக் கத்தியது ஆடு. "பின்னாடி என் மந்தையே வருது!"

மழை ஓயும்வரை சங்கு ஓயவில்லை.