நடுக்கடல் சுழியின் உப்பு

நடுக்கடலில் ஓர் ஊர் அகலத்துக்குச் சுழலும் நீர்ச்சுழி. வருடந்தோறும் கப்பலேறிப் போய் அதன் உப்பை அளந்து வருவதுதான் சிகாமணிக்கு வேலை, கண்ணுகளா. "வருசத்துக்கு வருசம் அவ உப்பு கொறைஞ்சுக்கிட்டே போகுது, கோகிலம்," என்று மனைவியிடம் உருகுவார். சுழியை 'அவள்' என்றுதான் சொல்வார். இம்முறை கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை, கோகிலத்தின் மல்லிகைச் சரத்தை ஓரம் தள்ளிவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். அவர் குளிக்கப் போனதும் கோகிலம் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். "என் ரசத்துக்குப் பக்கத்துல வருவாளா இவ? நாசமாப் போ!" என்று சமையல் உப்பில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கி மூடினாள். மறுநாள் அளந்து பார்த்த சிகாமணி கூவிக்கொண்டே ஓடிவந்தார். "ஏடி, உப்பு ஏறியிருக்குடி! மறுபடி பழையபடி ஆயிட்டா!" கல்யாணத்தன்றுகூடக் கோகிலம் அவர் முகம் இப்படி மலர்ந்து பார்த்ததில்லை. "இந்த வருசத்தோட வேலையை விட்டுட்டு உன்னோடயே இருந்துடலாம்னு நெனச்சேன். இனி எப்படி? அடுத்த கப்பல்லயே கெளம்புறேன்." உண்மையைச் சொன்னால் போகமாட்டார். அந்த முகமும் அப்போதே அணைந்துவிடும். "என்னடி, உனக்குச் சந்தோசமா இல்லையா?" என்றார். கோகிலம் அவருடைய பயணச் சட்டையை மடித்தாள், உதறிப் பிரித்தாள், மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.