அட்மிஷன் பிடிக்கும் ஆன்டெனா

"பொண்ணைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. பாத்துட்டே பேசி முடிச்சிடலாம்" என்றார் தெய்வசிகாமணி, வாயில் கேசரியோடு.

பூவிழி வந்து நின்றாள். அவர் பார்க்க வந்தது மருமகளை அல்ல. ப்ளஸ் டூ முடித்த பெண், கணக்கு குரூப், இன்னும் எங்கும் சேரவில்லை. அவருக்கு அது போதும்.

தெய்வசிகாமணி லேசுப்பட்ட ஆள் இல்லை. மின்காந்த அலைகளில் டாக்டர் பட்டம், ஆன்டெனா பற்றி நூறு கட்டுரைக்கு மேல், பிரான்சு வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வந்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் மே மாதம் வந்தால் கல்லூரிக் கையேட்டைத் தூக்கிக்கொண்டு முத்தியால்பேட்டையிலிருந்து அரியாங்குப்பம் வரை வீடு வீடாக ஏறி இறங்குவார். அவருடைய தனியார் கல்லூரியில் பேராசிரியர் என்றால் ஆள் பிடித்துத் தர வேண்டும். அதற்கு வெட்கப்படுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

இந்த வருடம் அவர் கணக்கில் ஒரு ஆள் குறைந்தது. "உங்க ஆன்டெனா ஒரு அட்மிஷனைக்கூட இழுக்காதா?" என்று சேர்மன் எல்லார் முன்னாலும் கேட்டார். திங்கட்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் ஆன்டெனா ஆய்வகத்துக்குப் பூட்டு, பேராசிரியருக்கும் கும்பிடு. அந்த ஆய்வகம் ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது.

அதனால் தாராளமாக அளந்து விட்டார். செல்போன், சாட்டிலைட், ராக்கெட், ஆன்டெனா இல்லாமல் எதுவும் நடக்காது என்றார். படிப்பு முடிந்த அன்றைக்கே வேலை கையில் என்றார். போன வருடம் முடித்த பிள்ளைகளில் பாதிப் பேர் வீடு வீடாக பிரியாணி கொண்டுபோய்க் கொடுப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பூவிழியின் அப்பா தணிகாசலம் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று பேராசிரியரும் கேட்கவில்லை. ஆன்டெனாவுக்கு அனுப்புவது, வாங்குவது என்று இரண்டு வேலை உண்டு. இவருக்கு அனுப்ப மட்டும்தான் தெரியும்.

ஒருவழியாக அவர் ஓய்ந்ததும் தணிகாசலம், உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஒரே பையன், நிலவன், அவனும் இப்போதுதான் ப்ளஸ் டூ முடித்தான் என்றார் இவர். என்ன குரூப், என்ன மார்க் என்று அவர் விடாமல் விசாரித்தார். மகன் மார்க்கைச் சொல்லும்போது பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"எங்கயாவது சேத்துட்டீங்களா சார்?"

"இன்னும் இல்ல."

புளுகு. போன வாரமே பி.காம். சேர்த்தாயிற்று. இன்ஜினியரிங் பேச்சை எடுத்தால் காலை உடைப்பேன் என்று மகனை மிரட்டியதும் இதே வாய்தான்.

"என்ன படிக்க வைக்கப் போறீங்க?"

"இன்ஜினியரிங்தான். இந்தக் காலத்துல வேற என்ன இருக்கு? கண்ணை மூடிட்டுச் சேத்துடுவேன்."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. சர்டிபிகேட்டை எல்லாம் எடுத்து வைக்கும்படி மகளிடம் சொன்னார். உனக்கு இஷ்டமா என்று அந்தப் பெண்ணை ஒருவரும் கேட்கவில்லை. ஆய்வகம் தப்பித்தது என்று பேராசிரியர் மீதிக் கேசரியை வழித்துச் சாப்பிட்டார்.

உள்ளே போன தணிகாசலம் வழவழ அட்டை போட்ட கையேடு ஒன்றோடு திரும்பி வந்தார். அட்டையில் வேறொரு கல்லூரியின் பெயர் இருந்தது.

"நானும் புரபசர்தான் சார், மெக்கானிக்கல். எனக்கும் ஒண்ணு குறையுது. சொந்தப் புள்ளையக் கணக்குல எடுத்துக்க மாட்டேன்றாங்க" என்றவர், கையேட்டைத் தெய்வசிகாமணியின் மடியில் வைத்தார்.

"உங்க பையனைக் குடுங்க, எம்பொண்ணைக் குடுத்துடறேன்."