நூற்றுக்கு நூறு வாங்கிய நோயாளி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாட்டியிருந்த, நோயாளிகளுக்குப் பாடம் நடத்தும் தொடுதிரை பீற்றிக்கொண்டது: "ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் வலி மாத்திரையும் போட்டால் ரத்தம் கசியும் என்று இந்தக் கட்டில் மாசிலாமணிக்குச் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சையில் நூற்றுக்கு நூறு!"

"பதிலையெல்லாம் அமுக்கினது அவர் மருமகன். அவர் குறட்டை விட்டார்," என்றது தலையணைக்கடியில் ஒளிந்திருந்த வலி மாத்திரை. "பாடத்தில் என் படத்துக்குப் பக்கத்தில் மண்டையோட்டைப் போட்டாயே, அதை நான் மறக்கவில்லை."

அப்போது மாசிலாமணி முழங்கால் வலியில் முனகியபடி மாத்திரையை எடுத்தார்.

"அவர் ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர், தடுடா!" என்று மாத்திரை கத்தியது.

"யாராவது அமுக்கினால்தானே மனுஷரிடம் பேசுவேன்?" என்று திரை விழித்தது.

மாத்திரையே அவர் விரலிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. மாசிலாமணி, "சனியன்!" என்று திட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

"பார்த்தாயா, என் பாடம் வேலை செய்கிறது!" என்றது திரை.

தூசிக்குள் கிடந்த மாத்திரை, "இதையும் மறக்கமாட்டேன்" என்றது.