இனிமையாக்கி இல்லாத முதல் இதழ்

பல்கலைக்கழகத்தில் யார் எதை எழுதினாலும், 'இனிமையாக்கி' என்ற மென்பொருள் அதைத் திருத்திய பிறகுதான் வெளியே விடும். மாணவர் இதழின் ஆசிரியை நிலோஃபர் மூன்று வருடங்களாக எழுதியதெல்லாம் வாழ்த்துமடலாகவே அச்சானது. "விடுதி சாம்பாரில் புழு" என்று எழுதினால், "விடுதி சாம்பாரில் புரதம் அதிகம்" என்று வரும்.

அன்று காலை நீதிமன்றம் இனிமையாக்கியை நிறுத்தச் சொல்லிவிட்டது. மத்தியானத்துக்குள் இதழ் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் புழு நெளிந்தது. யாரோ பறை அடித்தார்கள். எப்போதும் தலைநிமிராத கணிதத்துறைக்காரர்கள்கூட மரத்தடியில் ஆடத் தொடங்கிவிட்டார்கள். நிலோஃபருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

அப்போது விடுதிக் காப்பாளர் ஞானதிரவியம் கையில் இதழோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கூச்சல் அடங்கியது.

"இத எழுதினது யாரு?"

"நான்தான் சார். அத்தனையும் உண்மை."

"உண்மைன்னு எனக்குத் தெரியாதாம்மா? மாசாமாசம் நானும்தான் மேலிடத்துக்குப் புழு, புழுன்னு எழுதுறேன். அவங்க எனக்குச் சிறந்த சமையலுக்கு விருது கொடுத்துட்டாங்க!" சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்த இதழ்ல எனக்கு ஒரு பக்கம் வேணும்."

"ரெண்டா எடுத்துக்கோங்க சார்!"

அவர் அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, அவளிடம் பேனா வாங்கி எழுத ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் நிறைந்ததும், தலையைத் தூக்காமலே இன்னொரு தாளுக்குக் கை நீட்டினார்.